சாய்ந்த மரமும் நான் நின்ற இடமும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. விதிகள் உங்களைத் தாமாகவே வந்து பிடித்துக்கொள்ளும். மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் மனு எந்த மேசையில் எத்தனை நாள் உறங்க வேண்டும், யார் எந்த நிற மையில் குறிப்பு எழுதலாம், எந்தக் கடிதத்துக்கு எத்தனை நினைவூட்டல் அனுப்பிய பிறகு பதில் வராது என்று முடிவு செய்யலாம், இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். பணிக்காலத்தில் நான் செய்த தவறுகளில் மிக அசட்டுத்தனமானது எந்த விதியையும் மீறாதது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, தேதி போட்டு, கையெழுத்திட்டுச் செய்த தவறு அது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மரம் சேலையூர்ப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. எழுபதடி உயரம் இருக்கும். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள் தெருப் பெயரைச் சொல்வதில்லை. "கிறிஸ்துமஸ் மரத்தாண்ட நிறுத்துப்பா" என்றால் போதும். வீட்டுக்காரர் பெருமாள் அந்தப் பகுதியின் பழைய கிராமத்துக் குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம், இப்போது வாடகை வீடுகள் விளைகின்றன. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நர்சரியில் அடம்பிடித்து வாங்கிய தொட்டிச்செடிதான் இந்த மரம். ஒன்றரை அடி உயரத்தில், அடுக்கடுக்காக, பொம்மை போல இருந்திருக்கும். தொட்டி உடைந்ததும் பின்கட்டில் நட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மரம் தன்னைத் தானே கவனித்துக்கொண்டது.

அதன் உண்மையான பெயர் அரௌகேரியா. ஊசியிலை மரச் சாதி. ஆண்டு முழுவதும் பச்சை. எங்கள் கோப்பில் அது முதலில் 'சவுக்கு வகை' என்று பதிவானது. நடுவில் ஒரு கடிதத்தில் 'அசோகா' ஆனது. ஆணையில் 'இதர வகை' என்று முடிந்தது. கோப்பில் எப்படி இருந்தால் என்ன, நேரில் அது ஓர் அற்புதம். தண்டு நேராகச் செதுக்கிய தூண் போல இருக்கும். கிளைகள் நீளமாகப் பரவாது. எல்லாம் கைக்கெட்டும் தூரம் போல அளவாக, தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக இருக்கும். அதன் தாயகம் பசிபிக் பெருங்கடலின் சின்னத் தீவுகள். பாய்மரக் கப்பலில் போனவர்கள் தூரத்திலிருந்து அந்தத் தீவுகளைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது இந்த மரக்கூட்டம்தான். கப்பல் மாலுமிக்கு அது வேறென்னவாகத் தெரியும்? பாய்மரமாகத் தெரிந்தது. வெட்டிப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். மரம் மென்மையானது; கடைசலுக்கும் பெட்டிக்கும் நன்றாக வரும். நம் ஊரில் அதன் பயன் டிசம்பரில் நட்சத்திரம் தொங்கவிடுவதும், மற்ற மாதங்களில் பருந்துகளுக்கு உட்கார இடம் கொடுப்பதும், ஆட்டோக்காரர்களுக்கு வழி சொல்வதும்தான்.

இந்த மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்ந்து வளரும். ரேகைக்கு வடக்கே நட்டால் தெற்கே சாயும். தெற்கே நட்டால் வடக்கே. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். பயிற்சி வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் படம் போட்டு விளக்கியும் இருக்கிறேன். தேவைப்பட்ட நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை. படித்ததெல்லாம் தேர்வுக்கு வரும் அளவு சுலபமாக வேலைக்கு வருவதில்லை.

பெருமாள் வீடு வடக்குப் பார்த்தது. தெரு வடக்கில். மரம் பின்கட்டில், அதாவது தெற்கில். அதற்கும் தெற்கே, மதிலை ஒட்டி, அடுத்த தெருவைப் பார்த்த வீடு வசந்தா டீச்சருடையது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவர் படுத்திருந்த பின்னறையின் நேர் மேலே மரம் சாய்ந்திருந்தது. மனு கொடுத்தவர் டீச்சர்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. எழுந்து ஓட முடியாத ஒருவர் தலைக்கு மேல் எழுபதடி மரம் சாய்ந்து நின்றால் நானும் மனு கொடுப்பேன்.

முதல் ஆய்வுக்குப் போனவன் நான். மழை விட்ட மறுநாள். பெருமாளின் பின்கட்டிலும் பக்கத்துக் காலிமனையிலும் முழங்கால் தண்ணீர். நான் புதுக் காலணி போட்டிருந்தேன். தெருவிலேயே, வடகிழக்கு மூலையில், ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் நின்று சாய்வு அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்தேன். 'சாய்வு: ஐந்து டிகிரி. உடனடி அபாயம் இல்லை. ஓராண்டு கழித்து மறு ஆய்வு.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கே நின்று பார்த்தேன் என்று எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஓராண்டு கழித்து எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஓர் இளம் அலுவலர் போனார். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலிமனைக்குள் இறங்கி, மரத்துக்கு நேர் கிழக்கே நின்று, முறையாக அளந்தார். பத்து டிகிரி. கோப்பைத் திறந்து என் எண்ணைப் பார்த்திருக்கிறார். ஐந்து ஒரே ஆண்டில் பத்தாகிவிட்டது. மூத்தவர் எழுதிய எண்ணைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. 'சாய்வு இரு மடங்காகியுள்ளது. வேர் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். வெட்டப் பரிந்துரைக்கப்படுகிறது.' மரம் வெட்ட அனுமதி தரும் குழுவும் ஒப்புக்கொண்டது. பெருமாளும் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார். புயல் எச்சரிக்கை வந்ததும் ஆணை அசாதாரண வேகத்தில் வெளியானது. இரண்டு நாளில் புயல் கரையைக் கடக்கும், அதற்கு முன் மரத்தை இறக்கிவிட வேண்டும், மேற்பார்வைக்கு ஒருவர் இருக்க வேண்டும். எனக்குப் பணி ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த மாதிரி ஆட்களைத்தான் இப்படிப்பட்ட வேலைக்கு அனுப்புவார்கள்.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கோவிலம்பாக்கத்திலிருந்து கன்னியப்பன் தன் ஆட்களோடு வந்து, கயிறு கட்டி, பாதி உயரம் ஏறியிருந்தார். மரம் ஏறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலில் நுனி, பிறகு துண்டு துண்டாகக் கீழே. வீடுகளுக்கு நடுவில் இப்படித்தான் இறக்க முடியும். நுனி போய்விட்டால் இந்த மரம் முடிந்தது. அதன் உருவமே அந்த ஒற்றை நுனியில்தான் இருக்கிறது.

அவர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஜீப்பில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினேன். அடுத்தடுத்த பக்கங்களில் ஐந்து, பத்து. ஐந்து என் கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மின்கம்பம் நினைவுக்கு வந்தது.

ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு நேர் எதிரே நின்று பாருங்கள். நிமிர்ந்து நிற்பது போலத் தெரியும். பக்கவாட்டில் போய் நின்றால்தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். இந்த மரம் தெற்கே சாய்ந்திருக்கிறது. நான் பார்த்தது ஏறக்குறைய வடக்கிலிருந்து.

இறங்கி, காலிமனைக்குப் போய் அளந்தேன். பத்து. ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்கு வந்து அதே மின்கம்பத்தின் பக்கத்தில் நின்று அளந்தேன். ஐந்து. ஒரே மரம், ஒரே காலை, இரண்டு எண்கள். ஆக, மரம் ஓராண்டில் அசைந்ததற்கு எங்களிடம் எந்தச் சாட்சியும் இல்லை. அசைந்தது நாங்கள் நின்ற இடம் மட்டும்தான்.

"கன்னியப்பன், நிறுத்துங்க. ரம்பத்தைப் போடாதீங்க."

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னா சார், ஏறினதுக்கு அப்பால நிறுத்த சொல்றீங்கோ. மொதல்லயே சொல்லியிருந்தா இட்லி துன்னுட்டு வந்திருப்பேன்."

"இறங்கி வாங்க. வேர் பாக்கணும்."

பெருமாள் குடையோடு வந்தார். "சார், மறுபடியும் பேஜார் பண்ணாதீங்க. நாளைக்கு அது டீச்சர் வூட்டு மேல சாஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. நான் கையெழுத்து போட்டுட்டேன், வெட்டிடுங்க."

கன்னியப்பன் கடப்பாரையோடு மரத்தின் வடக்குப் பக்கம் போனார். மரம் தெற்கே கவிழத் தொடங்கியிருந்தால் வடக்கில் வேர் மண்ணைத் தூக்கியிருக்கும்; தரையில் வெடிப்பு ஓடியிருக்கும். அவர் நான்கைந்து இடத்தில் குத்திப் பார்த்தார். மண் இறுகியிருந்தது. "வேர் தூக்கல சார். கல்லு மாதிரி கீது. தண்டும் பாருங்கோ, வில்லு மாதிரி வளஞ்சி வந்துகீது. இப்போ சாஞ்ச மரம் குச்சி மாதிரி நேரா சாயும். இது பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் வளந்துகினு வருது."

மேலதிகாரிக்கு போன் செய்தேன். களத்தில் உண்மை நிலை வேறாக இருந்தால் மேற்பார்வை அலுவலர் ஆணையை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு துணை விதி இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"விழுந்தா உங்களை யாராலும் காப்பாத்த முடியாது, தெரியுதா?"

"தெரியும் சார்."

"காரணம்னு என்ன எழுதுவீங்க?"

"போன வருஷம் நான் தப்பான இடத்துல நின்னு அளந்துட்டேன்னு எழுதுவேன்."

"வேற ஏதாவது எழுத முடியாதா?" என்றார்.

முடியாது என்றேன். ஆனால் உண்மையான கண்டம் அவர் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வசந்தா டீச்சர்.

"என்ன சார் நடக்குது? நேத்து வரைக்கும் விழும்னீங்க. இன்னிக்கு விழாதுங்கறீங்க. நாளைக்குப் புயல்."

அவர் வீட்டுக்குப் போய், அவர் கணவர் படுத்திருந்த அறையிலேயே நின்று, நடந்ததைச் சொன்னேன். காலணி உட்பட. மறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு டீச்சரிடம் பாதி விடையை மறைத்தால் மீதிப் பாதியையும் அவர் நம்பமாட்டார்.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறோம்னு குறிக்காம கோணம் எழுதினா ஒன்பதாம் கிளாஸ் பையனுக்கே நான் முட்டைதான் போடுவேன் சார். உங்களுக்குக் கவர்மென்ட்ல வேலை போட்டுக் குடுத்திருக்காங்க."

"சரிதான் டீச்சர்."

"அது சரி. உங்க பழைய எண் தப்புன்னு நிரூபிச்சுட்டீங்க. மரம் நகரலன்னு இன்னும் நிரூபிக்கல. ரெண்டும் வேற வேற."

அவர் சொன்னது முற்றிலும் சரி. என் பணிக்காலத்தில் எந்த உயர் அதிகாரியும் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. பழைய அளவு செல்லாது என்றால், மரம் நகரவில்லை என்று ஆகிவிடாது. நகர்ந்ததா என்று தெரியாது என்றுதான் ஆகும்.

"பக்கத்து மனையிலேர்ந்து எடுத்த பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

பெருமாள் வாசலில் நின்றிருந்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு அங்கதான் சார் பந்தி போட்டோம். ஆல்பம் கீது. ஆறு வருஷம் ஆச்சு."

ஆல்பம் வந்தது. சாப்பாட்டு மேசைகள், இலைகள், சாம்பார் வாளியோடு ஒருவர். பின்னணியில், யாருக்கும் தேவையில்லாமல், மரம் முழுசாக நின்றது. அதன் பக்கத்தில் டீச்சர் வீட்டுச் சுவரின் நேர்க்கோடு. கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துக் கட்டிய சுவர். அதைவிட நல்ல செங்குத்துக் கோடு கிடைக்காது. நான் அதே இடத்துக்குப் போய் நின்று டீச்சரின் கைப்பேசியில் இன்றைய மரத்தைப் படம் எடுத்து வந்தேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரத்தாலான பழைய அடிஸ்கேலை எடுத்து, இரண்டு படத்தையும் அளந்தார். படங்களின் அளவு வேறு வேறு. ஆனால் உயரத்துக்கும் விலகலுக்கும் உள்ள விகிதம் மாறக்கூடாது. பத்துக்கு ஒன்றேமுக்கால். மறுபடி அளந்தார். பெருமாளையும் அளக்கச் சொன்னார். பத்துக்கு ஒன்றேமுக்கால்.

ஸ்கேலைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா அதே சாய்வுதான்" என்றார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"நம்பறேன் சார். ஆனா இவர் உயிரை வச்சு நம்ப மாட்டேன்."

"வேண்டாம் டீச்சர். நாளைக்கு இவரை முன்னறைக்கு மாத்திடுங்க."

"மாத்தறேன். இந்த ரூம்ல நீங்க இருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கணக்கு சரின்னா உங்களுக்கு என்ன பயம்? காபி தரேன்."

மேற்பார்வை அலுவலர் ஆய்வுக்குட்பட்ட மரத்தின் கீழ் அறையில் புயலின்போது அமர்ந்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நீங்கள் அப்படிச் செய்யவும் கூடாது. உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். என் கையெழுத்தை நம்பி ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்றால், அந்தக் கையெழுத்தை நானே எவ்வளவு நம்புகிறேன் என்று அவர் கேட்பதில் தவறில்லை. வெட்ட வந்த கன்னியப்பனின் ஆட்களே கட்டிலைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். "மரம் எறக்க வந்தோம், ஆளை ஏத்திட்டு போறோம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கோப்பில் குறிப்பு எழுதினேன். நின்ற இடம், திசை, மரத்திலிருந்து தூரம், முந்தைய அளவு ஏன் செல்லாது, அதற்கு யார் பொறுப்பு. கடைசி வரியில் என் பெயர். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மறுநாள் மரம் விழுந்திருந்தாலும் அந்தக் குறிப்பு சரியான குறிப்புதான். விழாமல் நின்றதால் மட்டும் எந்த முடிவும் சரியாகிவிடாது. பார்க்க வேண்டியதைப் பார்த்தோமா, தெரியாததைத் தெரியாது என்று எழுதினோமா, அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. மூத்தவர் எழுதிய எண் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். மூத்தவர்களிடமும் புதுக் காலணி இருக்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் காற்று ஊளையிடத் தொடங்கியது. மின்சாரம் போனது. தென்னைகள் தலைவிரித்து ஆடின. எதிர் மூலையில் ஒரு குல்மோஹர் கிளை கிளையாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த மரத்தைப் புயலில் பார்க்காதவர்கள் அதைப் பார்த்ததாகவே சொல்லிக்கொள்ள முடியாது. பெரிய கிளை இருந்தால் காற்று அதைப் பிடித்துத் திருகும். இதற்குப் பிடி கொடுக்கும் கிளையே இல்லை. குட்டைக் கிளைகள் தண்டோடு ஒட்டிக்கொண்டன. இலைகளுக்கு நடுவில் காற்று சல்லடையில் போவது போலப் போனது. தண்டு தெற்கே வளையும், நிற்கும், தன் இடத்துக்கு வரும். அதே இடத்துக்கு; ஒரு விரற்கடை கூடுதலாக இல்லை. நடுக்கடலின் சின்னத் தீவில், மறைவுக்கு ஒரு மலைகூட இல்லாமல், புயலோடு காலகாலமாகப் பழகிய இனம். நம் பின்கட்டில் தொட்டி உடைந்து தரைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்திருந்தது. நான் பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் பயந்துகொண்டே வாய்பிளந்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் டீச்சர் பிளாஸ்கும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றில் காபி ஊற்றி என்னிடம் கொடுத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். தரையில் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து தன் டம்ளரை நிரப்பிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு டீச்சர் இங்க? சாரைப் பாத்துக்கங்க."

"அவர் தூங்கறார். உங்களைத் தனியா உக்கார வச்சா நல்லா இருக்காது."

"விழுந்தா?"

"விழுந்தா என் கணக்கும்தானே தப்பு" என்றார்.

எங்கிருந்தோ முறிந்த ஒரு கிளை பறந்து வந்து மதில்மேல் விழுந்தது. டீச்சர் என் டம்ளரை மறுபடி நிரப்பினார். பிறகு காற்று திசை மாறி மேற்கிலிருந்து அடித்தது. இரண்டு மணிக்கு மேல் மெல்ல மெல்ல அடங்கியது.

மழை தூறலாகும் வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு வெளியே போனார். காலிமனையில் தண்ணீரில் நின்று அவர் மரத்தை அண்ணாந்து பார்ப்பது ஜன்னலில் தெரிந்தது. வெகுநேரம் நின்றார். வடக்குப் பக்கமும் போய் வேரைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் பெருமாளும் என் ஜீப் டிரைவரும் வந்தார்கள். நன்றி சொல்வார் என்று நான் எழுந்து நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், அந்த நாற்காலியை எடுத்துட்டு நீங்களும் ஒரு கை பிடிங்க" என்றார். "அவர் கட்டிலை இங்கயே திரும்பப் போட்டுடலாம்."